காய்ச்சல் ஏன் இறங்கவில்லை? ஆஸ்பத்திரியில் ஒளிந்திருக்கும் பூஞ்சைக் கிருமி!

ஊறுகாய் ஜாடியைத் திறக்கிறீர்கள். மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. “அடடா, பூசணம் பூத்துவிட்டதே!” என்று வருத்தப்படுகிறீர்கள்.

மழைக் காலத்தில் தோல் செருப்பில் பச்சையாகப் படர்வதும் பூசணம்தான். நாலு நாள் வைத்திருந்த ரொட்டியில் கறுப்புப் புள்ளிகளாகத் தோன்றுவதும் அதுதான்.

இந்தப் பூசணத்தைத்தான் டாக்டர்கள் “பூஞ்சை” என்கிறார்கள். குப்பை மேட்டில் குடை போல முளைக்கும் காளானும் இதே குலந்தான்.

தேமல், படர்தாமரை ஆகியவையும் பூஞ்சையின் வேலையே. ஆனால் அவை தோலோடு நின்றுவிடும். அரிக்கும்; தொல்லை கொடுக்கும். உயிருக்கு ஆபத்து இல்லை.

இதே குலத்தைச் சேர்ந்த சில பூஞ்சைகள் மனிதனுடைய ரத்தத்துக்குள் புகுந்துவிடும் என்றால் நம்புவீர்களா? அவை நுரையீரலை அரிக்கும். மூளை வரை போகும். ஆளையே கொன்றுவிடும்!

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நோயைத் தீர்த்துக்கொள்ளப் போகிற ஆஸ்பத்திரியில்தான் இந்த ஆபத்து அதிகம்.

அது ஏன்? அதைக் கண்டுபிடிப்பது எப்படி? மருந்து உண்டா? பார்ப்போம்.

நான்கு காவல்காரர்கள்

பூஞ்சைக்கு உலகத்தில் பஞ்சமே இல்லை. நாம் இழுக்கும் மூச்சுக் காற்றோடு பூஞ்சையின் விதைத்தூளும் உள்ளே போகிறது. பலருடைய வாயிலும் குடலிலும் “கேண்டிடா” என்ற பூஞ்சை நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

அப்படியானால் நாம் எல்லோரும் ஏன் நோயில் விழவில்லை?

நம் உடம்புக்கு நான்கு காவல்காரர்கள் இருக்கிறார்கள்.

முதல் காவல்காரன் தோல். அது கோட்டைச் சுவர்.

இரண்டாவது, ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள். உள்ளே நுழையும் பூஞ்சையைப் பிடித்து விழுங்கிவிடும்.

மூன்றாவது, குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள். அவை இடத்தை அடைத்துக்கொண்டு பூஞ்சையைப் பெருகவிடாமல் செய்கின்றன.

நான்காவது, நம் உடம்பின் சூடு. பெரும்பாலான பூஞ்சைகளுக்கு இந்தச் சூடு ஒத்துக்கொள்ளாது.

இந்த நான்கு பேரும் விழித்திருக்கும் வரையில் நமக்குப் பயம் இல்லை.

இப்போது ஆஸ்பத்திரிக்குள் வாருங்கள்.

வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆன ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கிறார். மருந்து ஏற்றுவதற்காகக் கழுத்து ரத்தக் குழாயில் ஒரு டியூப் செருகியிருக்கிறார்கள். கோட்டைச் சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது!

சீழ் பிடிக்காமல் இருக்க ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள். கெட்ட பாக்டீரியாக்களோடு நல்ல பாக்டீரியாக்களும் செத்துப்போகின்றன. குடலில் இடம் காலி! கேண்டிடா பெருகத் தொடங்குகிறது.

வேறொருவருக்குப் புற்றுநோய் மருந்து கொடுக்கிறார்கள். இன்னொருவருக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுக்கிறார்கள். இவர்களுடைய உடம்பில் வெள்ளை அணுக்களின் பலம் குறைந்துவிடுகிறது.

எடை குறைவாகப் பிறந்த பச்சைக் குழந்தைகளுக்கு இந்தக் காவல் எல்லாமே பலவீனம். அவர்களுக்கும் ஆபத்து உண்டு.

டியூப் வேண்டாம், ஊசி வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. அவை இல்லாவிட்டால் அந்த நோயாளிகள் பிழைக்கவே மாட்டார்கள். உயிரைக் காப்பாற்றும் அதே சிகிச்சை பூஞ்சைக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. இதுதான் சங்கடம்.

எட்டாம் நாள் காய்ச்சல்

இந்தியாவில் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த டாக்டர்கள் ஒன்றுகூடி ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். அதன் முடிவு 2015-ல் வெளிவந்தது. ரத்தத்தில் கேண்டிடா புகுந்த 1,400 நோயாளிகளை அவர்கள் கணக்கெடுத்திருந்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த ஆயிரம் பேரில் ஆறு அல்லது ஏழு பேருக்கு இந்த நோய் வந்திருந்தது. அவர்களில் 100-க்குச் சுமார் 45 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார்கள். எல்லோரும் பூஞ்சையால் மட்டுமே இறந்தவர்கள் அல்ல. முதலில் வந்த நோயும் அவர்களை வாட்டியிருந்தது. ஆனாலும் இது சின்னக் கணக்கு இல்லையே!

நோய் எப்போது வந்தது தெரியுமா? தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த எட்டாம் நாள் வாக்கில்!

அந்தச் சமயம் எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். ஆபரேஷன் நல்லபடி முடிந்துவிட்டது. “இனிப் பயமில்லை” என்று வீட்டார் மூச்சு விடுகிறார்கள். அப்போது பார்த்து மறுபடியும் காய்ச்சல் காய்கிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. ஊசியை மாற்றிப் பார்க்கிறார்கள். காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை.

முதல் மருந்து சந்தேகம்

காய்ச்சல் வந்தால் டாக்டர் முதலில் பாக்டீரியாவைத்தான் சந்தேகிப்பார். அது நியாயமே. பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

ஆனால் வந்திருப்பது பூஞ்சையாக இருந்தால்? பாக்டீரியாவைக் கொல்லும் ஊசி பூஞ்சையை ஒன்றும் செய்யாது. எவ்வளவு விலை உயர்ந்த ஊசியாக இருந்தாலும் பலிக்காது.

பூஞ்சைக் காய்ச்சலுக்கு என்று தனி அடையாளம் கிடையாது. நாக்கைப் பார்த்தோ, நாடியைப் பிடித்தோ சொல்லிவிட முடியாது.

ஆகவே இந்த நோய்க்கு முதல் மருந்து சந்தேகம்தான்!

“இது பூஞ்சையாக இருக்குமோ?” என்று ஒருவர் நினைக்க வேண்டும். அந்த நினைப்பு வந்தால்தான் பரிசோதனை நடக்கும். பரிசோதனை நடந்தால்தான் சரியான மருந்து வரும்.

தாமதம் எவ்வளவு கெடுதல்? அமெரிக்காவில் 157 நோயாளிகளைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 2005-ல் வெளிவந்தது. ரத்தத்தைச் சோதனைக்கு எடுத்த 12 மணி நேரத்துக்குள் பூஞ்சை மருந்து ஆரம்பிக்கப்பட்டவர்களைவிட, அதற்குப் பிறகு ஆரம்பிக்கப்பட்டவர்களிடையே மரணம் அதிகமாக இருந்தது.

புட்டிக்குள் விடை

சந்தேகம் வந்ததும் என்ன செய்கிறார்கள்?

நோயாளியின் ரத்தத்தை எடுத்து, சத்து நீர் நிரப்பிய புட்டிகளில் விடுகிறார்கள். இதற்குப் பெயர் “பிளட் கல்ச்சர்”. புட்டியை உடம்பின் சூட்டில் ஒரு யந்திரத்துக்குள் வைக்கிறார்கள். ரத்தத்தில் கிருமி இருந்தால் அது சத்து நீரைத் தின்று பெருகும். உடனே யந்திரம் எச்சரிக்கை கொடுக்கும்.

அதிலிருந்து ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மொட்டு விடுவது போன்ற சின்னஞ்சிறு உருண்டைகள் தெரிந்தால், அது கேண்டிடா போன்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை என்று அர்த்தம்.

இதில் இரண்டு கஷ்டங்கள் உண்டு.

ஒன்று, பூஞ்சை நிதானமாக வளரும். புட்டியில் தலைகாட்ட ஒரு நாள் ஆகலாம். மூன்று நாளும் ஆகலாம். அது எந்த ஜாதிப் பூஞ்சை, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிய மேலும் ஒன்றிரண்டு நாள் வேண்டும்.

இரண்டாவது கஷ்டம் இன்னும் பெரிது. பூஞ்சை உடம்புக்குள் பரவியவர்களில் சுமார் பாதிப் பேருக்குத்தான் இந்தப் புட்டி உண்மையைச் சொல்லும். மற்றவர்களுக்குப் பூஞ்சை உள்ளே இருந்தும், “ஒன்றும் இல்லை” என்று வந்துவிடும்!

அதனால்தான் பெரிய ஆஸ்பத்திரிகளில் வேறு ஒரு சோதனையும் செய்கிறார்கள். பூஞ்சையின் மேலோட்டில் ஒரு வகைச் சர்க்கரைப் பொருள் இருக்கிறது. அது நோயாளியின் ரத்தத்தில் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கலந்திருக்கவில்லை என்றால், பூஞ்சை இருக்க வாய்ப்புக் குறைவு என்று கொள்ளலாம்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. சளியிலோ சிறுநீரிலோ கேண்டிடா தெரிந்தால் அதுவே நோய் என்று ஆகிவிடாது. அது அங்கே குடியிருக்கும் பழைய ஆசாமியாக இருக்கலாம். ஆனால் ரத்தத்தில் தெரிந்தால் அலட்சியம் கூடவே கூடாது. ஒரே ஒரு புட்டியில் தெரிந்தாலும் மருந்து கொடுத்தாக வேண்டும்.

மருந்து தேடிய இரண்டு பெண்கள்

பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடிப்பது எளிதாக இருக்கவில்லை. காரணம் என்ன?

பாக்டீரியாவின் அமைப்பு வேறு. நம் உடம்பில் உள்ள உயிரணுவின் அமைப்பு வேறு. ஆகவே பாக்டீரியாவை மட்டும் குறி வைத்து அடிக்கலாம். பூஞ்சை அப்படி அல்ல. அதன் உயிரணு பல விதத்தில் நம் உயிரணுவைப் போலவே அமைந்தது. தூரத்து உறவு என்றே சொல்லலாம்! அதை அடித்தால் அடி நம் மீதும் விழும்.

1940-களில் பென்சிலின் முதலிய மருந்துகள் பரவின. பாக்டீரியா நோய்கள் பணிந்தன. ஆனால் அந்த மருந்துகளைத் தின்றவர்களுக்குப் பூஞ்சை நோய் தலைதூக்கியது. அதற்குப் பாதுகாப்பான மருந்து இல்லை.

அந்த மருந்தைத் தேடிப் புறப்பட்டவர்கள் இரண்டு அமெரிக்கப் பெண்கள். ஒருவர் எலிசபெத் ஹேசன். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். கிருமிகளைப் பற்றிப் படித்தவர். மற்றவர் ரேச்சல் பிரவுன். ரசாயன நிபுணர். இருவரும் நியூயார்க் மாநிலச் சுகாதார இலாகாவில் வேலை பார்த்தார்கள்.

ஹேசன் இருந்தது நியூயார்க் நகரத்தில். பிரவுன் இருந்தது ஆல்பனி நகரத்தில். இரண்டுக்கும் நடுவே 200 கிலோ மீட்டருக்கு மேல் தூரம்! அவர்களைச் சேர்த்துவைத்தது தபால் இலாகா.

ஹேசன் பல இடங்களிலிருந்து மண்ணை வரவழைப்பார். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களை வளர்த்து, எது பூஞ்சையைக் கொல்கிறது என்று பார்ப்பார். கொல்வது தெரிந்தால் அதை ஜாடியில் போட்டுத் தபாலில் பிரவுனுக்கு அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்ப அனுப்புவார். ஹேசன் மறுபடி சோதிப்பார்.

பல மண் தோற்றது. கடைசியில் வென்றது எந்த மண் தெரியுமா? வர்ஜீனியா மாநிலத்தில் ஹேசனுடைய நண்பரின் பால் பண்ணையில் எடுத்த மண்!

1950-ல் அந்த மருந்தை உலகத்துக்கு அறிவித்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் பெயரால் அதற்கு “நிஸ்டாடின்” என்று பெயர் வைத்தார்கள். வாய்ப் பூஞ்சைக்கும் தோல் பூஞ்சைக்கும் இன்றைக்கும் அது பயன்படுகிறது.

அந்த மருந்தின் உரிமைத் தொகையாக 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. அந்தப் பெண்கள் அதில் ஒரு காசுகூட எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள்.

முள்ளை முள்ளால் எடுப்பது

நிஸ்டாடினில் ஒரு குறை இருந்தது. அதை ரத்தத்தில் ஏற்ற முடியாது. விஷமாகிவிடும். ரத்தத்தில் புகுந்த பூஞ்சையை என்ன செய்வது?

அதற்கும் மண்ணே வழி காட்டியது. தென் அமெரிக்காவில் வெனிசுலா நாட்டில் ஓரினோகோ என்ற பெரிய நதி ஓடுகிறது. அந்தப் பக்கத்து மண்ணிலிருந்து 1950-களின் நடுவில் “ஆம்போடெரிசின்” என்ற மருந்து பிறந்தது.

அது வல்லமை உள்ள மருந்து. ஆனால் முரட்டு மருந்து. ஏற்றும்போது நோயாளி குளிரில் வெடவெடவென்று நடுங்குவார். சிறுநீரகமும் கெடலாம். பிற்காலத்தில் அந்த மருந்தை நுண்ணிய கொழுப்புத் துளிகளுக்குள் வைத்துக் கொடுக்கும் முறை வந்தது. அதனால் அதன் முரட்டுத்தனம் வெகுவாகக் குறைந்தது.

பிறகு “ஃப்ளூகோனசோல்” வந்தது. மாத்திரையாகவே விழுங்கலாம்.

2001-ல் “காஸ்போஃபஞ்சின்” அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதன் பிறப்பிடம் ஸ்பெயின் நாட்டில் ஒரு குட்டைத் தண்ணீர்! அந்தத் தண்ணீரில் வாழ்ந்த ஒரு பூஞ்சையிலிருந்துதான் இது வந்தது. பூஞ்சையைக் கொல்லும் மருந்தைப் பூஞ்சையே கொடுத்தது. முள்ளை முள்ளால் எடுத்த கதைதான்.

இந்த மருந்தில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. பூஞ்சையைச் சுற்றி ஒரு கெட்டியான சுவர் உண்டு. நம் உயிரணுவுக்கு அந்தச் சுவர் கிடையாது. இது அந்தச் சுவரை மட்டும் தாக்குகிறது. ஆகவே நம் உடம்புக்குத் தொந்தரவு குறைவு. ரத்தத்தில் கேண்டிடா புகுந்தால் பெரும்பாலும் இந்த வகை மருந்தைத்தான் முதலில் ஏற்றுகிறார்கள். அதற்குக் கட்டுப்படும் பூஞ்சை என்று தெரிந்தால், பிறகு ஃப்ளூகோனசோல் மாத்திரைக்கு மாற்றுகிறார்கள்.

மருந்து மட்டும் போதாது. டியூப்பில் பூஞ்சை ஒட்டிக்கொண்டு வாழும். முடியுமானால் அந்த டியூப்பை எடுத்துவிட வேண்டும். பூஞ்சை கண்ணுக்குள் போய் உட்காரலாம். ஆகவே கண் டாக்டரும் பார்க்க வேண்டும். ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும்.

ரத்தம் சுத்தமான பிறகும் இரண்டு வாரம் மருந்து தொடரும். “காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, இன்னும் எதற்கு மருந்து?” என்று கேட்டுப் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

காதில் பிடிபட்ட புது எதிரி

2009-ல் ஜப்பான் நாட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. டோக்கியோவில் 70 வயது மூதாட்டி ஒருவரின் காதிலிருந்து ஒரு புதுப் பூஞ்சையை எடுத்தார்கள். அதற்குக் “கேண்டிடா ஆரிஸ்” என்று பெயர் வைத்தார்கள். லத்தீன் பாஷையில் ஆரிஸ் என்றால் காது.

காதில் பிடிபட்டதே தவிர, அது காதோடு நிற்கவில்லை. சில வருஷங்களுக்குள் பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் ரத்தத்தில் தெரிந்தது. இந்தியாவில் முன்பு சொன்ன 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 19 இடங்களில் அது இருந்தது!

இந்தப் பூஞ்சை மற்றவற்றைவிடப் பொல்லாதது. ஃப்ளூகோனசோலுக்கு இது பெரும்பாலும் மசியாது. கட்டில் கம்பியிலும் மேஜையிலும் பல நாள் உயிரோடு இருக்கும். ஒரு நோயாளியிடமிருந்து கை வழியாக இன்னொருவருக்குப் போகும். பழைய சோதனை முறைகளில் வேறு பூஞ்சையின் பெயரைச் சொல்லி ஏமாற்றிவிடும்.

2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான 19 பூஞ்சை இனங்களின் பட்டியலை வெளியிட்டது. முதல் வரிசையில் நிற்கும் நான்கில் கேண்டிடா ஆரிஸும் ஒன்று.

2021 கற்பித்த பாடம்

கறுப்புப் பூஞ்சையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021-ல், அது நாட்டையே உலுக்கியது. 2021 ஜூன் 28 வரையில் இந்தியாவில் 40,845 பேருக்கு அது வந்ததாகவும், 3,129 பேர் இறந்ததாகவும் மத்திய அரசு தெரிவித்தது.

அதன் உண்மைப் பெயர் “மியூகோர்மைகோசிஸ்”. அந்தப் பூஞ்சை கறுப்பு நிறம் அல்ல. அது ரத்தக் குழாயை அடைத்துவிடும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுத்துவிடும். அதனால் வந்த பெயர் அது.

அதில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டவர்கள். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

முகத்தில் ஒரு பக்கம் வலி, வீக்கம், மூக்கிலிருந்து கறுத்த நீர், பல் ஆட்டம், பார்வை இரண்டாகத் தெரிதல் ஆகியவை அதன் அடையாளங்கள். மூக்கினுள் இருந்து சிறிது சதையை எடுத்து, காரத் திரவத்தில் கரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அகலமான நாடா போல் பூஞ்சை தெரியும். இதற்கு அதிக நேரம் ஆகாது.

கேண்டிடாவைக் கொல்லும் காஸ்போஃபஞ்சினும் ஃப்ளூகோனசோலும் இந்தப் பூஞ்சையிடம் பலிக்காது. ஆம்போடெரிசின்தான் வேண்டும். செத்த சதையை ஆபரேஷன் செய்து நீக்கவும் வேண்டும். சர்க்கரையையும் இறக்க வேண்டும்.

ஆகவே பூஞ்சை என்று கண்டுபிடித்தால் மட்டும் போதாது. எந்தப் பூஞ்சை என்றும் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு உதவாமல் போகலாம்.

வீட்டார் செய்ய வேண்டியது என்ன?

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்கள் வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அவர்களால் பெரிய உதவி செய்ய முடியும்.

நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்யுங்கள். சோப்புப் போட்டுக் கழுவலாம். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் கை மருந்தையும் தேய்த்துக்கொள்ளலாம். ஒரு நோயாளியைத் தொட்ட கையோடு அடுத்த கட்டிலுக்குப் போகாதீர்கள்.

டியூப் செருகிய இடம் சிவந்திருந்தாலோ, கட்டு நனைந்திருந்தாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். “இந்த டியூப் இன்னும் தேவையா?” என்று டாக்டரைக் கேட்கலாம்.

நோயாளிக்குச் சர்க்கரை நோய் உண்டா, இதற்கு முன் என்னென்ன ஆன்டிபயாடிக், என்னென்ன ஸ்டீராய்டு சாப்பிட்டார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பழைய சீட்டுகளையும் கொண்டுபோங்கள். டாக்டருக்குச் சந்தேகம் பிறப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கடையில் கேட்டு வாங்கி ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமாகச் சாப்பிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஊசிக்கு மேல் ஊசி போட்டும் நாலைந்து நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லையா? டாக்டரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். “ஐயா, இது பூஞ்சையாக இருக்குமா? அதற்குச் சோதனை செய்தாகிவிட்டதா?”

நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். செய்திருந்தால் “செய்தாகிவிட்டது” என்பார். செய்யாமல் இருந்தால், செய்வதற்கு அதுதான் நல்ல நேரம்.